எல்லாத் தங்கமும் ஒரே ஆணியில்

ஒரு காட்டில் வேலைக்குப் போகாத அம்மாவே கிடையாது. விடிந்தால் போதும், ஒருத்தி கிழங்கு தோண்ட ஓடுவாள், ஒருத்தி தேனடை தேடி ஓடுவாள், ஒருத்தி எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே மற்றவர்கள் பின்னால் ஓடுவாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்? அதனால் பாறைச் சரிவில் ஒரு பால்வாடி திறந்தார்கள்.

சரிவு முழுக்கப் பொந்துகள். ஒரு பொந்துக்கு ஒரு பிள்ளை. மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி தேக்கிலையில் சுற்றி, உள்ளே படுக்க வைத்து, பொந்தின் வாயையும் ஒரு இலையால் மூடிவிடுவார்கள். எந்தப் பிள்ளை எந்த இனம் என்று எழுதவும் கூடாது, கேட்கவும் கூடாது. அது அந்தப் பால்வாடியின் முதல் சட்டம். சமத்துவத்துக்காக என்று வாசலில் போட்டிருந்தது. உண்மைக் காரணம் வேறே. இந்தப் பொந்தில் மான்குட்டி இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த பொந்துச் சிறுத்தைக்குட்டிக்குத் தூக்கம் வருமா?

இரண்டாவது சட்டம், அம்மாக்கள் உள்ளே வரக் கூடாது. அதற்கும் அதே காரணந்தான்.

மூன்றாவது சட்டம் இது: பொழுது இறங்கியும் யாரும் வந்து கூட்டிப்போகாத பிள்ளைகளை மலைப்பாம்பு மாமா தன்னுடைய பாதுகாப்பில் எடுத்துக்கொள்வார். மாமாவின் பாதுகாப்பைப் பற்றி இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லை. உள்ளே போனவர்கள் வெளியே வந்தால்தானே குறை சொல்ல.

ஆனால் பாவம், பால்வாடி திறந்த நாளிலிருந்து மாமா பட்டினிதான். ஒரு பிள்ளைகூடத் தங்கவில்லை. அதற்குக் காரணம் ஆணிப்பலகை.

பால்வாடி ஆயா ஒரு அணில். பேர் வேலாயி. கால் வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மறதியிலும் மிஞ்ச ஆள் கிடையாது. போன மழைக்காலத்தில் புதைத்த இலுப்பைக் கொட்டையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள் கையில் காட்டுப் பிள்ளைகள் அத்தனையையும் கொடுத்துவிட்டு யார் நிம்மதியாகக் கிழங்கு தோண்டுவது? அதற்குத்தான் பலகை. காலையில் ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையின் அடையாளத்தை மூன்று வார்த்தையில் சொல்ல வேண்டும். வேலாயி அதைச் சின்ன ஓலையில் எழுதிப் பொந்தில் செருகுவாள். அதே அடையாளத்தை வாசல் பலகையில் அகர வரிசைப்படி ஒரு ஆணியில் மாட்டி, பக்கத்தில் எத்தனையாவது பொந்து என்று போட்டுவைப்பாள். சாயங்காலம் அம்மா வந்து அடையாளத்தைச் சொன்னால் பலகையைப் பார்ப்பாள், பொந்து தெரியும், நேராக ஓடுவாள், பிள்ளையோடு வருவாள். பட்டணத்தில் இதற்கு இன்டெக்ஸ் என்று பேராம். பேர் எதுவானால் என்ன, பிள்ளை வீட்டுக்கு வந்தது.

தவமணி என்று ஒரு முயல். முதல் பிள்ளைக்காரி. மொச்சை என்று ஒரே மகன். முயல் வீட்டில் ஒத்தைப் பிள்ளையா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வாயில் கை வைத்துச் சிரித்தார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் அவளுக்குப் பேச்சு தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். தினமும் "இடது காது மடிஞ்சது" என்று வேலாயியின் காதில் மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். ஒரு நாளும் மொச்சை தவறாகக் கிடைத்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு நாள் முள்ளம்பன்றி காத்தாயி வாசலில் நின்று கத்தினாள். "மூணே மூணு வார்த்தையில எம்பிள்ளையச் சொல்லு சொல்லுன்னா எப்படிச் சொல்றது? அவனைப் பத்திப் பேச வாயைத் திறந்தாலே மூணு வார்த்தை ஓடிப்போகுது!"

"அதானே," என்றாள் கரடி அங்கம்மா. "எம்மகன் சிரிச்சா எப்படி இருக்கும்னு எழுத அந்தத் துண்டு ஓலையில இடமே இல்ல."

"உம்மகன் சிரிச்சா பக்கத்துப் பொந்துப் பிள்ளை அழுவுது. அதை எழுதிக்க."

"உம்பிள்ளையக் கொஞ்ச முடியுதாடி உன்னால? கை வெச்சா முள்ளு குத்துது."

சண்டை இப்படிப் போனாலும் கோரிக்கை ஒன்றுதான். பெரிய ஓலை வேண்டும். எல்லாரும் மேனேஜரிடம் போனார்கள். மேனேஜர் ஒரு ஆந்தை. ஆபீஸ் நேரம் பகல், அவர் விழிப்பது இரவு. பகலில் என்ன கேட்டாலும் தூக்கத்தில் தலை ஆடும். அதையே உத்தரவாக எடுத்துக்கொள்வது காட்டு வழக்கம். அன்றைக்கும் தலை ஆடியது.

மறுநாளே இன்ஜினியர் மயூரநாதன் வந்து இறங்கினார். மயில். பட்டணத்து மிருகக்காட்சி சாலையில் கொஞ்ச நாள் இருந்தவர், அதனால் எதைப் பேசினாலும் கழுத்தை ஒரு சாய்ப்புச் சாய்த்துத்தான் பேசுவார். கையோடு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். அதன் முன்னால் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். எழுதி முடித்தால் டிங் என்று மணி அடிக்கும், பச்சை விளக்கு எரியும்.

"இனிமே அடையாளத்துக்கு அளவே கிடையாது," என்றார். "டெக்ஸ்ட்! எவ்வளவு நீளம் வேணாலும் பேசுங்க. பாட்டாப் பாடுனாலும் எழுதிக்கும்."

அம்மாக்கள் கைதட்டினார்கள். வேலாயி மட்டும் வாலைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"சார், பலகையை ஏன் கழட்டறீங்க?"

"பலகை மாட்டியிருக்கும்போது ஓலையோட அளவை மாத்த முடியாதும்மா. முதல்ல பலகையைக் கழட்டணும், அப்புறம் ஓலையை மாத்தணும், அப்புறம் பலகையைத் திரும்ப மாட்டணும். அதான் முறை."

"நடுவுல பிள்ளைங்களை எப்படித் தேடறது?"

"ஒவ்வொரு பொந்தாப் பாருங்க. கால் இருக்கில்ல?"

"பிள்ளைங்க வராத நாளாப் பாத்து இதைச் செய்யக் கூடாதா?"

"அன்னைக்கு எனக்கு லீவு," என்றார் மயில். "பயப்படாதீங்க. இப்ப ஆரம்பிச்சா மத்தியானம் முடிஞ்சிடும்."

எந்த இன்ஜினியரும் இதைத் தவிர வேறு எதையும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

அன்றைக்குக் காலையில் பால்வாடி வாசலில் திருவிழாதான். ஒவ்வொரு அம்மாவும் பெட்டி முன்னால் உட்கார்ந்து மனசு குளிரக் குளிரப் பேசினாள். கரடி அங்கம்மா பேசி முடிப்பதற்குள் பெட்டிக்குச் சூடு ஏறிவிட்டது. காத்தாயி நடுவில் தாலாட்டு வேறு பாடினாள். தவமணி முறை வந்தபோது அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்புறம் பெட்டிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், காது இரண்டையும் திரை மாதிரி மடித்து மறைத்துக்கொண்டு, கிசுகிசுவென்று ஆரம்பித்தாள். "என் தங்கம், என் கட்டித் தங்கம், நீ தூங்கறப்ப மூக்கு ஆடுமே, அதைப் பாத்துக்கிட்டே நான் சோறு இல்லாம இருந்துடுவேன்..."

"ஏய் ஊமைக்கோட்டான்! போதும் எழுந்திரு," என்று காத்தாயி பின்னாலிருந்து கத்தினாள். "வாயே இல்லாதவன்னு நெனச்சேன். விட்டா பெட்டியவே முழுங்கிடுவா போலிருக்கு."

தவமணிக்கு வெட்கத்தில் காது நுனி வரைக்கும் சிவந்துபோயிற்று. ஆனாலும் அன்று முழுக்கக் கிழங்கு தோண்டும்போதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் தோண்டினாள்.

மயில் சொன்னது பொய் இல்லை. மத்தியானமே முடிந்திருக்கும். ஆனால் மத்தியானம் மேகம் கூடியது. மேகம் கூடினால் மயில் என்ன செய்யும்? கழற்றிய பலகையைக் கீழே போட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார். சாதாரண ஆட்டம் இல்லை. மேகம் கலைந்த பிறகும் ஆடினார்.

சாயங்காலம் அம்மாக்கள் திரும்பி வந்தபோது பலகை தரையில் கிடந்தது. மலைப்பாம்பு மாமா வாசலுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தார். கழுத்தில் துண்டு கட்டியிருந்தார்.

"என்ன மாமா, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்று அங்கம்மா கேட்டாள்.

"பலகையைக் கழட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் மாமா. "உதவியா இருக்கலாமேன்னு."

தவமணி மேற்கே பார்த்தாள். சூரியன் மரத்து உச்சிக்கு வந்துவிட்டிருந்தது.

வேலாயி முதல் பொந்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பொந்திலும் புது ஓலை பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்தது. அதை விரித்து முழுவதும் படித்தால்தான் யார் பிள்ளை என்று தெரியும். பிள்ளையையே கேட்கலாம் என்று பார்த்தாள்.

"உங்க அம்மா பேரு என்ன கண்ணு?"

"அம்மா."

"அது சரி. வீட்டுல கூப்பிடுற பேரு?"

"அம்மா."

அடுத்த பொந்திலும் அதே பதில். அதற்கடுத்ததிலும் அதே. வேலாயி மறுபடியும் ஓலைக்கே போனாள். படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. "ஐயோ, என்னமா எழுதியிருக்கு பாரு மகராசி," என்று மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். இத்தனையும் ஒரே பொந்தில்.

வாசலில் காத்தாயிக்குப் பொறுமை போய்விட்டது. "நானே கூப்பிடறேன்," என்று கையைக் குவித்து, "தங்கம்! ஏ தங்கம்!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

சரிவு முழுக்க எல்லாப் பொந்துகளிலிருந்தும் ஒரே குரலில் பதில் வந்தது. "ஏம்மா?"

இன்ஜினியர் அவசரம் அவசரமாகத் தோகையை மடித்துக்கொண்டு வந்தார். "யாரும் பதற வேண்டாம். பலகையை மாட்டிடறேன். ஒரே ஒரு விஷயம். இவ்வளவு நீள ஓலையை முழுசா ஆணியில மாட்ட முடியாது, ஆணி தாங்காது. ஆரம்பத்துல எத்தனை வார்த்தை பாத்தாப் போதும்னு நாம முடிவு செய்யணும். ரெண்டு வார்த்தை போதும். எந்த விஷயமா இருந்தாலும் முதல் ரெண்டு வார்த்தையிலேயே தெரிஞ்சிடும்."

அவருக்கும் அந்தப் பால்வாடியில் ஒரு குஞ்சு உண்டு. ஆனால் காலையில் கொண்டுவந்து விடுவதும் சாயங்காலம் கூட்டிப்போவதும் அவருடைய பெண்டாட்டி. அதனால் பிள்ளையைப் பற்றி அம்மாக்கள் எப்படிப் பேச ஆரம்பிப்பார்கள் என்று அவருக்கு எங்கே தெரியும்?

பெட்டியைத் தட்டினார். ஓலைகளின் முதல் இரண்டு வார்த்தைகள் சீட்டுச் சீட்டாக வந்து பலகையில் மாட்டிக்கொண்டன. அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். 'அ' ஆணி காலி. 'ஆ' ஆணி காலி. 'க' காலி, 'ம' காலி. ஒரே ஒரு ஆணியில் மட்டும் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி சீட்டுகள் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'என் தங்கம்'.

ஆணி வளைந்தது. மொத்தமும் பொலபொலவென்று கீழே கொட்டியது.

"எல்லாரும் இப்படியா ஆரம்பிப்பீங்க?" என்றார் மயில்.

"வேற எப்படி ஆரம்பிப்பாங்க?" என்று எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள்.

"திரும்பச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா வாங்க. தங்கம், வைரம், ராசா, செல்லம், எதையும் வெச்சு ஆரம்பிக்கக் கூடாது."

சூரியன் கிளைக்குக் கீழே இறங்கியிருந்தது. மாமா துண்டைச் சரி செய்துகொண்டார்.

அம்மாக்கள் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். ஆனால் இப்போது அவர்களுக்குப் புதுப் பயம் ஒன்று வந்துவிட்டது. காலையிலிருந்து ஊரறியப் பிள்ளையைப் புகழ்ந்து தள்ளியாயிற்று. சும்மா இருக்குமா காட்டுக் கண்ணு? கொள்ளிக் கண்ணு எத்தனை இருக்கிறது! அதனால் ஒவ்வொருத்தியும் பெட்டி முன்னால் உட்கார்ந்து முதலில் சொன்னது, "கண்ணு படக்கூடாது..." அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். தவமணியும் அதையேதான் சொன்னாள். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

மறுபடியும் ஒரே ஆணி. மறுபடியும் பொலபொல.

மயிலுக்குக் கழுத்து நீலம் கொஞ்சம் வெளுத்தது. "ஒரே ஆணியில ரெண்டு சீட்டு வந்தாத்தானே கொட்டுது? ஒரே ஆரம்பத்துக்கு ஒரு சீட்டுதான்னு சட்டம் போட்டுடறேன்," என்று பெட்டியை இன்னொரு தட்டு தட்டினார்.

பெட்டி முதல் சீட்டை மாட்டியது. அங்கம்மாவின் சீட்டு. அடுத்த சீட்டு வந்தது. டொக்கென்று துப்பியது. அடுத்தது, டொக். அதற்கடுத்தது, டொக். சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன சொல்லுது?" என்று காத்தாயி கேட்டாள்.

மயில் தொண்டையைச் செருமினார். "அது வந்து... ஒரே மாதிரி ஆரம்பிச்சா ஒரே பிள்ளைன்னு எடுத்துக்கும். அதாவது, பால்வாடியில மொத்தமே ஒரு பிள்ளைதான் இருக்காம். கரடியம்மாவோடது அசல். மத்ததெல்லாம் நகல்."

"எது நகலு? பத்து மாசம் சொமந்தது நகலா?"

"நீ எங்கடி பத்து மாசம் சொமந்த?" என்றாள் அங்கம்மா. அவளுக்கென்ன, அசல் பிள்ளைக்காரி.

"நகல் அப்படியே இருந்தா பெட்டி வேலை செய்யாது," என்று மயில் மெதுவாக இழுத்தார். "நகலை எல்லாம் வெளியேத்தச் சொல்லுது."

மாமா தலையைத் தூக்கினார். "அசலோ நகலோ, எனக்கு ருசி... மன்னிக்கணும், பாதுகாப்பு ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு, உடம்பை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, சரிவைப் பார்த்து நகர ஆரம்பித்தார்.

வேலாயி அங்கம்மாவின் மகனைக் கூட்டிவந்து விட்டாள். அசல் போய்விட்டது. மற்ற அம்மாக்கள் ஓவென்று ஆரம்பித்தார்கள். ஒருத்தி மயிலின் தோகையைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி மேனேஜரைப் போய் உலுக்கினாள். அவர் தலையாட்டினார்.

தவமணி மட்டும் பெட்டி பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சூரியன் பாறை விளிம்பைத் தொட்டுவிட்டது. மாமாவின் தலை முதல் வரிசைப் பொந்துகளை எட்டிவிட்டது. வால் இன்னும் வாசலில்தான் இருந்தது. கத்தலாம் என்றால் சுற்றிலும் அத்தனை பேர். உள்ளே மொச்சை என்ன செய்துகொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். நேரமானால் அவனுக்குப் பசிக்கும். பசித்தால் இலையை நெட்டித் தள்ளுவான். பொந்துச் சுவரைச் சுரண்டுவான். எத்தனை தடவை சொல்லியாயிற்று, எத்தனை தடவை வாயில் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாயிற்று. இங்கே பெற்றவளுக்கு உயிர் போகிறது, அவன் அங்கே இந்நேரம் வாய் நிறைய...

"மண்ணுதின்னிச் சனியனே!" என்று தவமணி கத்தினாள்.

அவ்வளவு சத்தம் ஒரு முயலிடமிருந்து வரும் என்று காட்டில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. "எத்தனை வாட்டிடா சொல்றது உனக்கு? வாயத் திறந்தா மண்ணு, வயித்தத் தொட்டா மண்ணு! நீ என் வயித்துல பொறந்தியா, புத்துல பொறந்தியா? வீட்டுக்கு வா, உன் மடிஞ்ச காத முறுக்கித் திருகறேன்!"

டிங்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சீட்டு ஜம்மென்று போய், காலியாக இருந்த 'ம' ஆணியில் மாட்டிக்கொண்டது. அந்த ஆணியில் அது மட்டும் தனியாகக் காற்றில் ஆடியது. பக்கத்தில் பொந்து எண்ணும் வந்தது.

வேலாயி கண் இமைக்கிற நேரத்தில் போனாள். மாமா அந்தப் பொந்தின் இலையை நாக்கால் தொடுவதற்குள் பிள்ளையைக் கவ்வி எடுத்துக்கொண்டு, அவர் முதுகு மேலேயே ஓடி வந்து, தவமணி மடியில் போட்டாள். மொச்சைதான். வாய் முழுக்க மண்.

வாசலில் எல்லாரும் 'ம' ஆணியை எட்டிப் பார்த்தார்கள்.

"அட," என்றாள் காத்தாயி. "இவ்வளவுதானா?"

காத்தாயி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சோத்தக் கண்டா ஓடற தடியா!" என்றாள். டிங். பிள்ளை வந்தான்.

அதற்குப் பிறகு யார் யாரைத் தடுக்க முடியும்? தங்கம் என்று சொல்ல எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் இருந்தது. திட்ட ஆரம்பித்தால் ஒருத்தி வாயில் வந்தது இன்னொருத்தி வாயில் வரவில்லை. "தலைக்கு எண்ணெய் வெக்க விடாத பிசாசே!" டிங். "நடுராத்திரி ஆடுற பேயே!" டிங். "தம்பியக் கிள்ளிட்டு அழுவுற நீலி!" டிங். "சாணியில படுத்துப் பொரள்ற நாத்தம் புடிச்சவனே!" டிங், டிங், டிங். வேலாயிக்குத் தரையில் காலே படவில்லை. பொந்துகளிலிருந்து பிள்ளைகள் பொலபொலவென்று வந்துகொண்டிருந்தார்கள்.

நடுவில் சின்னச் சின்னத் தகராறும் வந்தது. நரியம்மா "எருமை மாடே" என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற எருமை ராக்கம்மா, "எருமைன்னா என்னடி உனக்குத் திட்டு?" என்று கொம்பைத் திருப்பினாள். காட்டுப்பன்றி ஒருத்தி, "எங்க பேரை யாராவது எடுத்தீங்க, அப்புறம் இருக்கு," என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். காக்கா ஒருத்தி தவமணியிடம் வந்து, "சனியன்னு சொல்லிட்டியேம்மா, அவரு எங்க முதலாளி, கொஞ்சம் மரியாதையாச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மான் பவளக்கொடி மட்டும் ஓரமாக நின்று அழுதாள். "என்னால முடியாது. எம்பிள்ளையத் திட்ட எனக்கு வாய் வராது."

"அப்ப மாமாகிட்ட விட்டுட்டுப் போ," என்றாள் காத்தாயி.

பவளக்கொடி பெட்டி முன்னால் வந்து, விம்மி விம்மி, "என் தங்கம்..." என்றாள். டிங் என்றது. ஏனென்றால் அந்த வார்த்தையில்தான் இப்போது யாருமே இல்லையே. தொண்டை கட்டக் கட்டத் திட்டிய மற்ற அம்மாக்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றிலிருந்து அந்த மானோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை.

சூரியன் ஒரு நூல் அளவு மிச்சமிருந்தது. சரிவில் ஒரே ஒரு பொந்து திறக்காமல் இருந்தது. மாமா அதன் முன்னால் போய் வாயைத் திறந்தார்.

"அது யாரோடது?" என்று வேலாயி கேட்டாள்.

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள்.

மயூரநாதனுக்குத் தோகை தானாக மடங்கியது. பெட்டி முன்னால் ஓடினார். வாயைத் திறந்தார். பிள்ளை என்ன செய்யும், எதற்கு அழும், எதைக் கடிக்கும், ஒன்றும் தெரியவில்லை. "அழகான... நல்ல... மயில்..." என்று திணறினார். சிவப்பு விளக்கு. இனத்தைச் சொல்லக் கூடாதே.

அந்த நேரத்தில் அவர் பெண்டாட்டி மூச்சு வாங்க ஓடி வந்தாள். நடந்தது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வாயைத் திறந்து நின்ற மாமாவைப் பார்த்தாள், பெட்டி முன்னால் புருஷனைப் பார்த்தாள், தரையில் கிடந்த பழைய ஓலைகளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்பனை உரிச்சுவெச்ச தண்டமே!" என்றாள்.

டிங். அதுவரை அடித்த மணி எல்லாவற்றையும்விட அது கொஞ்சம் சத்தமாகவே அடித்தது. மாமா வாயை மூடும்போது உள்ளே காற்றுதான் இருந்தது.

பொழுது இறங்கியது. ஆந்தை மேனேஜர் கண் விழித்தார். "எல்லாம் சரியாப் போகுதா?" என்று கேட்டார். மயில் கழுத்தை ஒரு சாய்ப்புச் சாய்த்து, "மாற்றம் வெற்றிகரமா முடிஞ்சுது சார்," என்றார். மேனேஜர் இந்தத் தடவை முழித்துக்கொண்டே தலையாட்டினார்.

தவமணி மொச்சையை முதுகில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் அவன் மடிந்த காதை அவள் கழுத்தில் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, நான் சனியனா?"

"ஆமாண்டா."

"மண்ணுதின்னியா?"

"ஆமா."

"மத்தவங்க எல்லாரும்?"

தவமணி அவனை முதுகில் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். "மத்தவங்க எல்லாரும் வேற வேறடா," என்றாள். "இந்தக் காட்டுக்கே மண்ணுதின்னிச் சனியன் நீ ஒருத்தன்தான்."

மொச்சைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெருமையில் குதித்துக் கீழே இறங்கி, வழியில் இருந்த கரையான் புற்றிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

நீதி: பெற்ற பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர வேண்டுமானால், வேறு எந்தத் தாயும் திட்டாத மாதிரி திட்டி வையுங்கள்.